ஒட்டகத்தின் மூக்கு, மனிதனின் நெஞ்சு: மெர்ஸ் வைரஸ் தொற்றும் வழி

கேள்வி இது: “தம்பி சவுதியில் ஒரு மஸ்ராவில் (பண்ணையில்) ஒட்டகம் பார்க்கும் வேலைக்குப் போகிறான். ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு மூச்சு நோய் தொற்றும் என்கிறார்களே, அது எப்படித் தொற்றுகிறது? பால் குடிக்கலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?”

தொற்றும். அந்த நோயின் பெயர் மெர்ஸ். கோவிட் வைரஸின் தூரத்து உறவான ஒரு கொரோனா வைரஸ்தான் இதற்குக் காரணம். 2012-இல் ஜெத்தாவில் நிமோனியாவோடு சேர்க்கப்பட்டு இறந்துபோன ஒரு நோயாளியின் சளியிலிருந்து எகிப்திய மருத்துவ ஆய்வாளர் அலி முகமது ஸக்கி இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஜோர்டானின் ஸர்கா நகர மருத்துவமனை ஒன்றில் இது பரவியிருந்தது பின்னால்தான் தெரியவந்தது. அன்று முதல் 27 நாடுகளில் ஏறத்தாழ 2,600 பேருக்கு நோய் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. அவர்களில் 100-க்கு 36 பேர் இறந்திருக்கிறார்கள். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சவுதியில் கண்டறியப்பட்டவர்கள். லேசாக வந்து தானே போனவர்கள் பலர் கணக்கில் வராததால் உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் மருத்துவமனைக்குப் போகிற அளவுக்கு முற்றிவிட்டால் மிகக் கடுமையான நோய்.

லட்சக்கணக்கானோர் தினமும் ஒட்டகத்தோடு பழகுகிறார்கள், 12 ஆண்டுகளுக்கு மேலாகியும் நோயாளிகள் சில ஆயிரம்தானே என்று தோன்றலாம். இதற்கு விடை ஒட்டகத்தின் மூக்கில் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், எந்த வேலையில் பயம், எதில் பயமில்லை என்பது உங்கள் தம்பிக்குத் தானாகவே விளங்கும்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய அந்தச் செல்லின் மேல் அதற்கேற்ற ஏற்பி இருக்க வேண்டும். மெர்ஸ் வைரஸுக்கு அது டிபிபி4 என்ற புரதம். ஒட்டகத்துக்கு இந்தப் புரதம் மூக்கின் உள்தோலில் நிறைய இருக்கிறது. அதனால் வைரஸ் அங்கேயே பெருகுகிறது, மூக்கு ஒழுகுகிறது, ஒட்டகத்துக்கு ஒரு சளி பிடித்தமாதிரி வந்து போய்விடுகிறது. மனிதருக்கோ மூக்கில் இது மிகக் குறைவு. நுரையீரலின் அடியில், காற்றுப்பைகளின் செல்களில்தான் அதிகம். நம் மூக்கில் வந்து விழுகிற வைரஸ் பெரும்பாலும் வேர் பிடிக்காமலேயே போய்விடுகிறது. அதிக அளவில், நுண்ணிய துளிகளாக, ஆழமாக உள்ளே இழுக்கப்பட்டால் நேராக நெஞ்சின் அடித்தளத்தில் குடியேறுகிறது. ஒரே வைரஸ் ஒட்டகத்துக்குச் சளியாகவும் மனிதனுக்கு நிமோனியாவாகவும் வருவது இதனால்தான். மனிதரிடமிருந்து மனிதருக்கு வீட்டிலும் தெருவிலும் இது எளிதில் பரவாததற்கும் இதே காரணம்: நோயாளியின் வைரஸ் நெஞ்சின் அடியில் கிடக்கிறது, பேச்சிலும் தும்மலிலும் அவ்வளவாக வெளியே வருவதில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி குழம்புவது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் டிபிபி4-ஐத் தடுப்பவைதானே, அதைச் சாப்பிட்டால் வைரஸும் நுழையாதா என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. மாத்திரை போய் உட்காருகிற இடம் வேறு, வைரஸ் ஒட்டிக்கொள்கிற இடம் வேறு. மாத்திரையை நம்பி எந்தப் பாதுகாப்பையும் விட்டுவிடக் கூடாது.

எந்த ஒட்டகத்திடம் வைரஸ் இருக்கும்? பெரியவற்றைவிடக் கன்றுகளிடம்தான். வளர்ந்த ஒட்டகங்களின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலானவற்றில், வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். ஓமானில் சோதித்த 50 ஒட்டகங்களில் 50-லும் இருந்ததாக 2013-இல் முடிவு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை வந்து போன நோய் என்று இதற்குப் பொருள். கன்று பிறந்ததும் குடிக்கிற சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள் கிடைக்கிறது, அதனால் முதல் சில மாதம் ஓரளவு காப்பு. ஐந்தாறு மாதத்தில் அது வடிந்துவிடுகிறது. அப்போது மந்தையில் வைரஸ் நுழைந்தால் ஒரு கன்று விடாமல் பிடிக்கும். அரேபியத் தீபகற்பத்தில் ஒட்டகம் ஈனும் காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. அந்தக் கன்றுகளும், முந்தைய பருவத்தில் பிறந்து ஒரு வயதை எட்டுகிறவையும் ஒரே பட்டியில் நிற்கும் மாதங்களில்தான் கவனம் கூட வேண்டும். எதிர்ப்பொருள் உள்ள பெரிய ஒட்டகமும் மறுபடி தொற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதன் மூக்கிலிருந்து வருகிற வைரஸின் அளவு பொதுவாகக் குறைவு.

நோய் ஒட்டகத்திடமிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். ஜெத்தா அருகே 2013 நவம்பரில் நடந்தது இது. ஒன்பது ஒட்டகம் வைத்திருந்த ஒருவருக்கு நிமோனியா வந்து இறந்துபோனார். அவருடைய ஒட்டகங்களில் நான்குக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நோய் தொடங்குவதற்கு ஏழு நாள் முன்பு, அவற்றில் ஒன்றின் மூக்கில் அவர் தம் கையாலேயே மருந்து தடவியிருந்தார். அவருடைய சளியிலும் ஒட்டகத்தின் மூக்கிலும் கிடைத்த வைரஸின் மரபுக் குறியீடு ஒன்றாகவே இருந்தது. ரத்தச் சோதனைகளைப் பார்த்தபோது ஒட்டகத்துக்கு முன்னால் வந்து, பிறகுதான் அவருக்கு வந்தது தெரிந்தது. அந்தக் கொட்டிலில் அடுத்தடுத்து மூன்று நாள் காற்றை உறிஞ்சிப் பரிசோதித்தார்கள். ஒட்டகம் வைரஸை வெளியிட்ட நாளில் எடுத்த காற்றிலும் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ இருந்தது. இந்த ஒரு சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டால் மெர்ஸைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி: நோயுற்ற ஒட்டகம், மூக்கு, வெறும் கை, மூடிய கொட்டில்.

வைரஸ் புதிதாக முளைத்ததும் அல்ல. சோமாலியாவில் 1983-இல் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த ஒட்டக ரத்தத்திலேயே இதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அது ஒட்டகங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் கண்டுபிடித்ததுதான் 2012-இல்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஒட்டகங்களுக்கு வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். பெரிய நோய் எதுவும் வரவில்லை, மூக்கு ஒழுகியதோடு சரி. ஆனால் மூக்குச் சளியில் தொற்றக்கூடிய உயிருள்ள வைரஸ் ஏழு நாள் வரை இருந்தது. வைரஸின் ஆர்என்ஏ 35 நாள் வரை தெரிந்தது. மூக்கு ஒழுகுவது பெரிதாகத் தெரியாத ஒட்டகமும் வைரஸை விடலாம். “நம்ம ஒட்டகம் நன்றாகத்தானே தின்கிறது” என்பதை வைத்து ஒரு முடிவுக்கு வரமுடியாது.

இனி வேலைக்கு வருவோம். பட்டியில் ஒரு நாளில் எந்தெந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் மூக்கும் வாயும். ஒட்டகத்தின் முகத்தை நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொரு நாசித்துளையிலிருந்தும் ஒரு சின்ன வாய்க்கால் மேலுதட்டின் பிளவுக்கு இறங்குவது தெரியும். பாலைவனப் பிராணி என்பதால் மூக்கிலிருந்து வடிகிற ஈரமும் வீணாகாமல் வாய்க்கே திரும்பிப் போகிறது. அதனால் மூக்குச் சளி எப்போதும் உதட்டிலும் தாடையிலும் தீவனத் தொட்டியின் விளிம்பிலும் பூசியிருக்கும். மருந்து புகட்டும்போது ஒருவர் தலையைப் பிடித்து வளைப்பார், மற்றவர் வாயைத் திறந்து ஊற்றுவார். ஒட்டகம் அப்போது உறுமும், தலையை உதறும், இரைப்பையில் இருப்பதையும் எச்சிலையும் சேர்த்துக் கக்கும். பிடித்திருப்பவருடைய முகம் ஒட்டகத்தின் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில்கூட இருக்காது. நாள் முழுக்கச் செய்கிற வேலைகளில் இதைத்தான் நான் முதல் ஆபத்தாக வைப்பேன். மூக்கைத் துடைப்பது, மூக்கில் மருந்து தடவுவது, முத்தமிடுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. 2014-இல் சவுதி வேளாண் அமைச்சு முகக்கவசம், கையுறை அணியச் சொன்னபோது, ஒட்டகத்தைக் கட்டிப்பிடித்து முத்தமிடும் படங்களைச் சிலர் வெளியிட்டார்கள். தலைமுறையாக ஒட்டகத்தைப் பிள்ளைபோல் வளர்த்தவர்களுக்கு அதைச் சந்தேகிக்கச் சொன்னது வலித்திருக்கும், அதில் வியப்பில்லை. ஆனாலும் முத்தத்தைத் தவிர்க்கத்தான் வேண்டும்.

தும்மலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒட்டகம் அடிக்கடி சீறித் தும்முவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வகை ஈ ஒட்டகத்தின் நாசித்துளையருகே புழுக்களை விட்டுவிடும். அவை ஊர்ந்து போய் மூக்கின் உட்பகுதியிலும் தொண்டையின் மேற்புறத்திலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வளரும். முற்றிய புழு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். ஒட்டகம் அதைத் தாங்காமல் தலையை உதறிச் சீறும், சில நேரம் புழுவே வந்து விழும். புழுவால் மெர்ஸ் வராது. ஆனால் புழுவும் வைரஸும் ஒரே மூக்கில் இருந்தால் அந்தச் சீறல் வைரஸைத் தூரம் வரை தெளிக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே சீறுகிற ஒட்டகத்தை “வெறும் புழுதான்” என்று முகத்தருகே போய்ப் பார்க்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லி ஐவர்மெக்டின் போடச் செய்யுங்கள். அளவை அவரே முடிவு செய்யட்டும்.

அடுத்தது பால் கறப்பது. மாட்டைப் போலவே ஒட்டகத்துக்கும் கன்றை ஊட்டவிட்டால்தான் பால் இறங்கும். கன்று மடியை முட்டிமுட்டிக் குடிக்கும்போது அதன் மூக்குச் சளி காம்பிலெல்லாம் பூசிவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் கன்றை விலக்கி, ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய முழங்காலில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கறப்பார்கள். சளி பட்ட காம்பு, ஈரக் கை, திறந்த பாத்திரம், இடுப்பருகே முண்டியடிக்கும் கன்று. கத்தாரில் இந்த வழக்கப்படி கறந்த பாலில் வைரஸின் ஆர்என்ஏ கிடைத்திருக்கிறது. அது மடிக்குள்ளிருந்து வந்ததா, கன்றின் மூக்கிலிருந்து வந்ததா என்பதைவிட, பச்சைப் பாலில் அது இருக்கக்கூடும் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

பச்சைப் பாலை ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. ஆய்வகத்தில் ஒட்டகப் பாலில் வைரஸைக் கலந்து 4 டிகிரியில் வைத்தபோது 72 மணி நேரம் கழித்தும் உயிருள்ள வைரஸ் இருந்தது. குளிர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. அதே பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியபோது ஒன்றும் மிஞ்சவில்லை. மஸ்ராவில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. பால் பொங்கி எழும் வரை காய்ச்சி, கிண்டிவிட்டு, இன்னும் ஒரு முறை பொங்க விட்டால் போதும். பச்சைப் பால் குடித்ததால் மட்டுமே மெர்ஸ் வந்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பச்சை ஒட்டகப் பாலால் புரூசெல்லோசிஸ் என்ற மால்டா காய்ச்சல் வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, முதுகு வலி என்று ஆளையே உருக்கிவிடும். அதற்காகவாவது காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. முதலாளி அன்போடு ஒரு கிண்ணம் நீட்டுவார். வாங்கி, அடுப்பில் வைத்துக் குடிப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒட்டகச் சிறுநீரை மருந்தாகக் குடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நன்றாக வெந்த இறைச்சியால் பயமில்லை.

அறுக்கும் இடம் வேறு ரகம். கழுத்தை அறுத்து, தலையை எடுத்து, மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் உருவும்போது சளி தெளிக்கும். சவுதியில் 2012 டிசம்பரிலிருந்து ஓராண்டு 10,009 பேருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் இருந்தவர்கள் மொத்தம் 15 பேர், அதாவது 0.15 விழுக்காடு. தனியாக எடுத்த ஒட்டகம் மேய்ப்பவர்கள் 87 பேரில் 2 பேருக்கும், அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 140 பேரில் 5 பேருக்கும் இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சாதாரண மக்களோடு ஒப்பிட்டால் மேய்ப்பவருக்கு ஏறத்தாழ 15 மடங்கு, அறுப்பவருக்கு 23 மடங்கு. லேசான தொற்றில் எதிர்ப்பொருள் உருவாகாமலோ, உருவாகி மறைந்தோ போவதுண்டு. ஆகவே உண்மையில் தொற்றியவர்கள் இதைவிட அதிகமாகத்தான் இருந்திருப்பார்கள்.

பொருள்களின் வழியும் உண்டு. ஆய்வகத்தில் 20 டிகிரியில், காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போது, பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் வைரஸ் 48 மணி நேரம் வரை பிழைத்தது. 30 டிகிரியில் ஈரம் அதிகமாக இருக்கும்போது 8 மணி நேரம்தான். பாலைவனத்துக் கோடைப் பகலில் வெட்டவெளியில் சீக்கிரம் செத்துவிடும். குளிர்கால இரவில், நிழலில் கிடக்கிற கயிறு, தலைக்கயிறு, வாளிப் பிடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் தங்கும். கன்று ஈனுகிற காலமும் அதே குளிர்காலம்தான். இரண்டும் ஒன்றாக வந்து சேருகின்றன.

சரி, பட்டியில் என்ன செய்வது?

முகக்கவசம் எல்லா நேரமும் போட்டுக்கொண்டு 45 டிகிரி வெயிலில் வேலை செய்ய யாராலும் முடியாது. அப்படிச் சொன்னால் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். அதனால் நான் சொல்வது, தேர்ந்து போடுங்கள்: மருந்து புகட்டும்போது, மூக்கு ஒழுகும் ஒட்டகத்தைத் தொடும்போது, இரண்டு வயதுக்குட்பட்ட கன்றுகளைப் பிடித்துக் கட்டும்போது, கன்று ஈனுவதற்கு உதவும்போது, மூடிய கொட்டிலைக் கூட்டும்போது, அறுக்கும்போது. இந்த ஆறு வேலைக்கும் என்95. தலையில் சுற்றுகிற ஷமாக் துணியை மூக்கின் மேல் இழுத்துவிட்டால் மணலைத் தடுக்கும், நுண்ணிய துளியைத் தடுக்காது. அதே துணியால் வியர்வையையும் துடைத்தால் பட்டியில் பட்டதைத் தன் முகத்தில் தேய்த்துக்கொள்வதுதான் மிச்சம். என்95 போட்டபின் இரண்டு கையாலும் அதை மூடி, வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்கின் பாலத்தருகே கண்ணில் காற்றடித்தால் உலோகப் பட்டையை இன்னும் அழுத்த வேண்டும். தாடி அடர்ந்திருந்தால் எப்படிப் போட்டாலும் ஓரத்தில் ஒழுகும். வியர்வையில் நனைந்துவிட்ட கவசத்தில் மூச்சு வாங்குவது கடினமாகும், உடனே ஓரத்தைத் தூக்கிவிடத் தோன்றும். அந்த நேரத்தில் பட்டியை விட்டு வெளியே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

காற்றின் திசையைப் பார்த்து நிற்பது செலவில்லாத பாதுகாப்பு. ஒட்டகத்தின் பக்கமிருந்து உங்களை நோக்கிக் காற்று வந்தால் அதன் மூச்சு உங்கள் மேல் வரும். எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். மருந்து புகட்டுவதைக் கொட்டிலுக்கு வெளியே, திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலையைப் பிடிப்பவர் முகத்துக்கு நேரே நிற்காமல் கழுத்தின் பக்கவாட்டில் தோளோடு ஒட்டி நின்றால் கக்கினாலும் மேலே படாது. பிடியும் உறுதியாக இருக்கும்.

கறக்கும் முன் காம்பைக் கழுவுவது மிக முக்கியம். கன்று குடித்து விலகியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் காம்பைத் துடைத்து, உலரத் துடைத்து, முதல் சில பீய்ச்சலைத் தரையில் விட்டுவிட்டுக் கறக்கத் தொடங்குங்கள். துணி ஒவ்வொரு ஒட்டகத்துக்கும் தனி. ஒரே துணியால் பத்து ஒட்டகத்தைத் துடைத்தால் ஒன்றின் நோயைப் பத்துக்கும் பூசுகிறோம்.

கையைச் சோப்பால் 20 விநாடி தேய்த்துக் கழுவினால் வைரஸின் மேலுள்ள கொழுப்புறை கரைந்து அது செத்துவிடும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள இடத்தில் சானிடைசர் உதவும், ஆனால் சாணமும் மண்ணும் ஒட்டிய கையில் அது வேலை செய்யாது. அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். தொட்டி, வாளி, தலைக்கயிறுக்கு குளோராக்ஸ் போன்ற பிளீச் போதும். புட்டியில் 5 விழுக்காடு என்று போட்டிருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி. முதலில் சோப்பால் தேய்த்து அழுக்கை எடுங்கள். சளியும் தீவனத் துகளும் இருந்தால் குளோரின் அவற்றிலேயே தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிஞ்சாது. பிறகு பிளீச் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசி, அதன் பிறகே ஒட்டகத்துக்குத் தண்ணீர் விடுங்கள். கலக்கிய தண்ணீரை அன்றன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வீரியம் இருக்காது. கழிவறைக்குப் போடும் ஆசிட்டோடு பிளீச்சை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். விஷவாயு வரும்.

உடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் பல மஸ்ராக்களில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பட்டிக்குப் பத்தடி தள்ளி ஒரு போர்ட்டோ கேபின், அதில் நான்கு பேர், பட்டியில் போட்ட உடையோடேயே சமையல், அதே உடையோடு படுக்கை. ஒருவருக்கு வந்தால் அறையிலுள்ள எல்லோருக்கும் ஆபத்து. பட்டி உடை, செருப்பு இரண்டையும் அறைக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, கை கால் முகம் கழுவி, வேறு உடை மாற்றி உள்ளே போகும் பழக்கம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். பட்டிக்குள் சாப்பிடுவது, பீடி சிகரெட் புகைப்பது, டீ டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைப்பது எல்லாம் கையிலுள்ளதை வாய்க்குக் கொண்டுபோகும் வழிகள். புகைப்பவர்களுக்கு மெர்ஸ் வரும் வாய்ப்பு அதிகம் என்று சவுதியில் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு காட்டியது. ஒட்டகத்தை நேரடியாகக் கையாள்வதும் கறப்பதும் சர்க்கரை நோயும் இதய நோயும் அதே பட்டியலில் வந்தன.

சந்தையிலிருந்து வாங்கிவந்த புது ஒட்டகத்தை நேராக மந்தையில் விடுவது இன்னொரு தவறு. சவுதியின் புரைதா போன்ற பெரிய ஒட்டகச் சந்தையில் பல ஊர் ஒட்டகங்கள் ஒரே வேலிக்குள் நிற்கின்றன. வைரஸ் கைமாற அதைவிட வசதியான இடம் இல்லை. புதியதைக் குறைந்தது மூன்று வாரம் தனிப் பட்டியில், தனித் தொட்டியில் வைக்க வேண்டும். முதலாளி கேட்பாரா என்பது வேறு கேள்வி. “கன்று செத்தால் நஷ்டம்” என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொன்னால் கேட்க வாய்ப்பு உண்டு. புது ஒட்டகம் வேறு பல நோய்களையும் கொண்டுவரும் என்பது உண்மைதானே.

சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் ஒட்டகத்தின் அருகே போகவே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் தம்பிக்குச் சர்க்கரை இருந்தால், போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அதே மஸ்ராவில் பேரீச்சை மரம், பர்சீம் புல், பம்ப்செட் வேலை இருக்கும். அதைக் கேட்டு வாங்கலாம். உம்ராவுக்குப் போகிற வயதானவர்களும் ஒட்டகத்தோடு படம் எடுப்பதையும் பச்சைப் பால் ருசி பார்ப்பதையும் தவிர்ப்பது நல்லது.

ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. உலகின் ஒட்டகங்களில் பெரும்பகுதி சோமாலியா, சூடான், கென்யா, எத்தியோப்பியா பக்கம்தான் இருக்கிறது. அங்கும் வைரஸ் இருக்கிறது. ஆனாலும் மனித நோயாளிகள் மிகவும் அரிது. அங்கே சுற்றுகிற வைரஸ் வேறு கிளை, மனித நுரையீரல் செல்களில் அது அவ்வளவாகப் பெருகுவதில்லை என்பது ஒரு காரணம். இளவயது மக்கள்தொகை, சோதனை வசதிக் குறைவு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் காட்டில் திரியும் ஒட்டகங்களிலும் மங்கோலியாவின் இரட்டைத் திமில் ஒட்டகங்களிலும் தேடியபோது மெர்ஸின் தடயம் கிடைக்கவில்லை. நமக்கு அருகே, பாகிஸ்தான் ஒட்டகங்களில் எதிர்ப்பொருள் கிடைத்திருக்கிறது.

ஒட்டகத்தின் மூக்கில் வேறு கொரோனா வைரஸ்களும் உண்டு. நமக்கு ஆண்டுதோறும் வருகிற சாதாரணச் சளிக்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றான 229இ-யின் நெருங்கிய உறவு ஒட்டகங்களில் இருப்பது தெரியவந்திருக்கிறது. வௌவாலிலிருந்து ஒட்டகத்துக்கும், அங்கிருந்து எப்போதோ மனிதனுக்கும் அது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மெர்ஸ் அந்தப் பாதையில் முழுத் தூரம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒட்டகத்திடமிருந்து புதிதாகத் தாவுகிறது, சிலருக்குப் பரவி, அங்கேயே அணைந்துவிடுகிறது. ஒட்டகத்துக்கே தடுப்பூசி போட்டு மூக்கிலிருந்து வரும் வைரஸைக் குறைக்கலாம் என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். சீம்பால் காப்பு வடிந்து, தொற்று வரும் முன் இருக்கிற அந்தச் சில மாத இடைவெளியில் கன்றுக்குப் போட வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

கடைசியாக, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. ஒட்டகத்தோடு பழகியதிலிருந்து 2 முதல் 14 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில் தொடங்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், வறட்டு இருமல், உடம்பு வலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. பிறகு மூச்சுத் திணறல். முதல் சில நாள் சாதாரண ஃப்ளூ போலத்தான் இருக்கும், படிக்கட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் அதுவே எச்சரிக்கை.

நோய் பெரிதாகப் பரவிய இடங்கள் பட்டிகள் அல்ல, மருத்துவமனைகள். 2015 மே மாதம் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்த ஒருவர் தென் கொரியாவில் காய்ச்சலோடு ஒன்றன்பின் ஒன்றாகச் சில மருத்துவமனைகளுக்குப் போனார். மெர்ஸ் என்று உறுதியாக மே 20 ஆகிவிட்டது. அந்தச் சில நாளில் தொடங்கிய சங்கிலி 186 பேரைப் பிடித்தது, 38 பேர் இறந்தார்கள். அந்தப் பரவலில் ஒட்டகத்துக்குப் பங்கே இல்லை. நெஞ்சின் அடியில் கிடக்கிற வைரஸை, மருந்தைப் புகையாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரும், தொண்டையில் குழாய் போடுவதும், சளி உறிஞ்சுவதும் காற்றில் ஏற்றிவிடுகின்றன. நெரிசலான அவசரப் பிரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

அதனால் மருத்துவமனை வாசலில், சீட்டு போடும்போதே, கவசத்தை அணிந்துகொண்டு “நான் ஒட்டகத்தோடு வேலை செய்கிறேன்” என்று சொல்ல வேண்டும். பட்டியில் வேலை செய்கிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி அட்டையில் வேறு தொழில் போட்டிருக்கும், வீட்டு டிரைவர் என்று வந்து பட்டியில் நிற்பார்கள், சொன்னால் பிரச்சினையாகுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மருத்துவரிடம் தொழிலை மறைத்தால் அவர் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். மூக்கில் மட்டும் துடைத்தெடுத்த சோதனை நெகட்டிவ் வந்தாலும் நம்பி வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. வைரஸ் நெஞ்சில் இருப்பதால் இருமி எடுத்த அடிச்சளியைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும், தேவைப்பட்டால் மறுபடியும் சோதிக்க வேண்டும். மெர்ஸுக்கென்று தனி மாத்திரை கிடையாது. மருத்துவமனையில் ஆக்சிஜன், கவனிப்பு, தேவையானால் வென்டிலேட்டர். லோபினாவிர்-ரிட்டோனாவிர், இன்டர்ஃபெரான் பீட்டா என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சவுதியில் நடத்திய சோதனையில் இறப்பு குறைந்தது, அதுவும் நோய் தொடங்கிய முதல் ஏழு நாளுக்குள் ஆரம்பித்தவர்களிடம் அதிகமாக. நாள் கடத்தாமல் போகச் சொல்வது இதனால்தான். தானாகவே ஸ்டீராய்டு வாங்கிப் போடக் கூடாது, வைரஸ் உடலைவிட்டுப் போவதை அது தாமதப்படுத்தும்.

சவுதி சுகாதார அமைச்சின் தொலைபேசி எண் 937. விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிறகு 14 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் இங்கே உள்ள மருத்துவரிடமும் இதையே சொல்ல வேண்டும், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கே அரபி மட்டும் தெரிந்த நர்ஸ் முன்னால் நிற்கும்போது சொல்ல ஒரு வரி, தம்பியின் போனில் எழுதி வைத்துவிடுங்கள்: “அனா அஷ்தகில் மஅல் இபில்.” ஒட்டகங்களோடு வேலை செய்கிறேன் என்று பொருள்.